ரூட்டரை மட்டும் அணைத்துப் பார்த்தால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் ஸ்மார்ட் சுவிட்சுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒருமுறை டைமர் வைத்துவிட்டால் வைஃபை இல்லாவிட்டாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும் என்று போகிறபோக்கில் ஒரு வரி வருகிறதே, அது பாதிதான் சரி. மீதிப் பாதியில்தான் எங்கள் அப்பா சோப்புப் போட்ட உடம்போடு குளியலறையில் நின்றுகொண்டு, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கத்தினார்.

நான் புதுச்சேரியில் இருக்கிறேன், பெற்றோர் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில். மோட்டார் சுவிட்ச் கொல்லைப்புறச் சுவரில் இருக்கிறது. அம்மா தினமும் விடிகாலை ஐந்தரைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் போடுவார், அரை மணியில் மறுபடி போய் அணைப்பார். ஒரு மழைக்காலத்தில் பாசியில் கால் வழுக்கி விழுந்ததும், இனி நீ போகவே வேண்டாம் என்று நான்தான் ஒரு ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கி, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, மோட்டார் இழுக்கும் கரண்டைத் தாங்குகிற கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்சை நடுவில் வைத்துப் போடச் சொன்னேன். (சொருகுகிற ஸ்மார்ட் பிளக்கில் நேராக மோட்டாரைக் கொடுக்காதீர்கள், ஒரு எச்பி மோட்டார் கிளம்பும்போது இழுக்கிற கரண்ட் ஓடும்போது இழுப்பதைப் போலப் பல மடங்கு, உள்ளே ஆன், ஆஃப் செய்யும் சின்ன ரிலே ஒட்டிக்கொள்ளும்.) எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் நெட் போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "பாத்துடலாம்மா" என்று ரூட்டரின் ஒயரைப் பிடுங்கினார். ஐந்து நிமிடம் தள்ளி வைத்த டைமர், சொன்ன நேரத்துக்கு டிக் என்றது, மோட்டார் ஓடியது. எங்களுக்கு அப்பாடா என்றிருந்தது. அதற்கப்புறம் எத்தனையோ நாள் நெட் போயிருக்கிறது, ஒரு தடவை மூன்று நாள் கூடத் தொடர்ந்து இல்லை, டேங்க் நிரம்பாமல் இருந்ததே கிடையாது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலூரில் எங்கள் தெருவிலும் கரண்ட் இல்லை, நெட் இல்லை. மூன்றாம் நாள் கரண்ட் வந்தது, நெட் வர மேலும் நான்கு நாள் ஆனது. கரண்ட்தான் வந்துவிட்டதே, மோட்டார் தானாக ஓடிவிடும் என்று அம்மா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறார். காலையில் அப்பா குளிக்கப் போன கதைதான் மேலே சொன்னது. அம்மா போனில், "நீ வாங்கிக் குடுத்த சுவிட்சு லீவு போட்டுடுச்சுடி" என்றார். சுவிட்சில் இருக்கும் சின்ன நீல விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டே இருந்ததாம். கையால் அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது, டைமருக்கு மட்டும் ஓடவில்லை.

மூன்று நாள் நெட் இல்லாமல் ஒழுங்காக ஓடிய அதே சுவிட்ச் இப்போது ஏன் ஓடவில்லை? எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது. விஷயம் நெட்டில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது.

காலை ஐந்தரை, மாலை ஆறு என்று நாம் வைக்கும் அட்டவணையைப் பல சுவிட்சுகள் தங்களுக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்கின்றன. அது கரண்ட் போனாலும் அழியாது. ஆனால் இப்போது மணி என்ன என்பது தெரிய வேண்டுமே. பழைய மேசைக் கம்ப்யூட்டரில் கூட நேரத்தைக் காப்பாற்ற ஒரு பட்டன் செல் இருக்கும். மலிவான வைஃபை சுவிட்சுகளில் பொதுவாக அது கிடையாது. கரண்ட் வந்ததும் அது நெட்டில் போய் மணி கேட்கும், பதில் கிடைத்துவிட்டால் அப்புறம் நெட் போனாலும் தானே எண்ணிக்கொண்டு ஓடும், நாளொன்றுக்குச் சில நொடி முன்னே பின்னே ஆகலாம், மோட்டாருக்கு அது ஒரு பொருட்டில்லை. கரண்ட் போய்வந்து, நெட்டும் இல்லையென்றால் அதற்கு மணி கேட்க ஆளில்லை. அப்போது சில சுவிட்சுகளுக்கு 1970 ஜனவரி 1 என்றுதான் கணக்கு ஆரம்பிக்கும், அதாவது எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த வருடம். அட்டவணை பத்திரமாக இருக்கிறது, பார்ப்பதற்குக் கடிகாரம் இல்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் செய்து காட்டிய சோதனை தவறில்லை, ஆனால் எங்கள் ஊருக்குப் பொருந்தாது. நம் பக்கத்தில் நெட் மட்டும் தனியாகப் போவது சாதாரண நாட்களில்தான். மழை, காற்று என்று வந்துவிட்டால் கரண்ட்தான் முதலில் போகிறது, நெட்டையும் கூட்டிக்கொண்டு போகிறது, திரும்பி வரும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து வருவதில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அப்போது மின்கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் கரண்ட் வரவே வாரக்கணக்கானது. அதனால் வைஃபை இல்லாமல் டைமர் ஓடுமா என்று கேட்டால் ஒரு பதில், கரண்ட் போய்வந்த பிறகு வைஃபை இல்லாமல் ஓடுமா என்று கேட்டால் வேறு பதில். நாம் கேட்க வேண்டியது இரண்டாவதை.

இன்னொரு வகை இதைவிட மோசம். அதில் அட்டவணையே சுவிட்சுக்குள் இருக்காது, எங்கோ ஒரு சர்வரில் இருக்கும், நேரம் வந்ததும் அங்கிருந்து கட்டளை வரும். நெட் போனால் கட்டளையும் போனது. எங்கள் எதிர்வீட்டு மாமா வீட்டில் இப்படித்தான், காலையில் ஆன் செய்யும் கட்டளை வந்து சேர்ந்தது, மோட்டார் ஓட ஆரம்பித்தது, நடுவில் நெட் போய்விட்டது, அணைக்கிற கட்டளை வரவே இல்லை. டேங்க் வழிந்து மொட்டைமாடியிலிருந்து தெருவில் கொட்ட, பால்காரர் வந்து கதவைத் தட்டிச் சொன்னபோதுதான் மாமாவுக்குத் தெரிந்தது. ஓடாத மோட்டாரை எழுந்து போய்ப் போட்டுக்கொள்ளலாம். நிற்காத மோட்டார் அப்படியில்லை, போர்வெல்லில் தண்ணீர் இறங்கியிருந்தால் மோட்டாரின் காயிலே கருகியிருக்கும்.

எது எந்த வகை என்று பெட்டியைப் பார்த்தால் தெரியாது, ஆப்பைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். குறிப்பிட்ட சுவிட்சின் பக்கத்துக்குள் போய் வைக்கும் டைமர் பல கம்பெனிகளில் சுவிட்சுக்குள் பதிவாகிறது. அதே ஆப்பில் ஆட்டோமேஷன், சீன் என்று தனியாக இருக்குமே, அங்கே வைப்பது பெரும்பாலும் சர்வர் வேலை. அலெக்சா, கூகுளிடம் சொல்லி வைக்கும் ரொட்டீன்களும் அப்படியே. 2025 அக்டோபர் 20 அன்று அமேசானின் சர்வர்களில் கோளாறு வந்தபோது, வீட்டில் கரண்டும் நெட்டும் நன்றாக இருந்தும் அலெக்சா பேசவில்லை, வைத்த அலாரம் அடிக்கவில்லை என்று பல நாடுகளில் புகார் வந்தது. பழுது அமெரிக்காவில், விளக்கு எரியாதது இங்கே.

இதில் வேடிக்கையான ஒன்றும் உண்டு. வில்லியனூரில் கடை வைத்திருக்கும் என் தோழி பெயர்ப்பலகை விளக்குக்கு மாலை 6 மணி என்று வைத்திருந்தாள், அது ராத்திரி பதினொன்றரைக்கு எரிந்தது. ஒரு நாள் இல்லை, தினமும் சரியாகப் பதினொன்றரை. பேய் என்று கூட யாரோ சொன்னார்கள். வித்தியாசம் ஐந்தரை மணி நேரம் என்பதைக் கவனித்ததும்தான் பிடிபட்டது, அது கிரீன்விச் நேரத்தில் ஆறு மணிக்கு எரிகிறது, இந்திய நேரம் அதில் அமைக்கப்படவே இல்லை. பேய்க்கு லண்டன் பாஸ்போர்ட் போல.

சரி, வீட்டில் இருப்பதை எப்படிச் சோதிப்பது? பத்து நிமிடம் தள்ளி ஒரு டைமர் வையுங்கள். ரூட்டரை அணையுங்கள். செல்போனில் ஹாட்ஸ்பாட் எதுவும் ஓடவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது அந்த சுவிட்சுக்குப் போகும் மெயினை ஒரு நிமிடம் இறக்கி மறுபடி ஏற்றுங்கள், ரூட்டர் அணைந்தே இருக்கட்டும். அப்புறம் சுவிட்ச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிக் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தோம், பல்லி சத்தம் போட்டது, சுவிட்ச் போடவில்லை.

ரூட்டரை இன்வெர்ட்டரில் போட்டால் போதாதா என்று கேட்கலாம். ஒரு மணி நேர மின்வெட்டுக்குப் போதும். நெட் கொடுக்கும் ஆபரேட்டர் பக்கத்திலும் கரண்ட் இருந்தால்தான் நெட் வரும் என்பதால் புயலுக்குப் போதாது. அந்த சுவிட்சையே இன்வெர்ட்டர் லைனில் போட்டால் கடிகாரம் அழியாமல் இருக்கும், விளக்குக்கு இது நல்ல வழி. மோட்டாருக்கு நான் கடைசியில் செய்தது வேறு: உள்ளேயே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமர், எம்சிபி பெட்டியில் சொருகுவது. ஆப் கிடையாது, பட்டனை அழுத்தி அழுத்தித்தான் நேரம் வைக்க வேண்டும், கண்ணாடி போட்டுக்கொண்டு அப்பாவே வைத்தார். இதற்கும் முந்தைய, சுற்றி முள் முள்ளாக இருக்கும் திருகு டைமர்களை வாங்குபவர்கள் கவனிக்க வேண்டும், பேட்டரி இல்லாததென்றால் இரண்டு மணி நேரம் கரண்ட் போனால் இரண்டு மணி நேரம் தாமதமாகவே ஓடும்.

ஸ்மார்ட் சுவிட்சையே மோட்டாருக்கு வைத்திருப்பவர்கள் ஒன்று மட்டுமாவது செய்யுங்கள். ஆன் ஆனதும் இத்தனை நிமிடத்தில் தானாக அணை என்று ஒரு வசதி பலவற்றில் உண்டு, இன்ச்சிங், ஆட்டோ ஆஃப் என்று பெயர் மாறும். அதற்கு மணியும் வேண்டாம், நெட்டும் வேண்டாம், ஆன் ஆன நொடியிலிருந்து சுவிட்சே எண்ணும். எதிர்வீட்டு மாமா இப்போது முப்பது நிமிடம் என்று வைத்திருக்கிறார். அப்புறம், கரண்ட் வந்ததும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஆப் கேட்கும், மோட்டாருக்கு அதை ஆஃப் என்றே வையுங்கள், இல்லையென்றால் ஊரில் இல்லாத நாளில் கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு ஓடும். டேங்கில் மிதவை சுவிட்ச் வைப்பதும் நல்லது, நாங்களும் வைத்துவிட்டோம்.

ஸ்மார்ட் சுவிட்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டுச் சுவிட்ச் இப்போது வாசல் விளக்குக்குப் போய்விட்டது. கடலூரில் நவம்பருக்கும் ஜூலைக்கும் பொழுது சாய்கிற நேரம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் மாறுகிறது, அதற்கேற்ப அது தானாக மாற்றிக்கொள்கிறது, அம்மாவுக்கு அதில் மகா திருப்தி.

என் குறை கம்பெனிகள் மேல்தான். ஃபிரிட்ஜில் 2006லிருந்து நட்சத்திர ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கடையிலேயே தெரிகிறது. இந்தப் பெட்டிகளின் மேல் அலெக்சா படம், கூகுள் படம் எல்லாம் இருக்கிறது. அட்டவணை சுவிட்சுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, கரண்ட் போய்வந்தால் நெட் இல்லாமல் மணி தெரியுமா, இந்த இரண்டு வரியைத் தமிழில் அச்சடிக்க என்ன செலவாகிவிடும்? நான் மூன்று கடைகளில் கேட்டுப் பார்த்தேன், மூன்றிலும் ரூட்டரைத்தான் அணைத்துக் காட்டினார்கள்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்து இதைப் பற்றி எழுதினால், மெயினையும் ஒருமுறை இறக்கிப் பார்த்துவிட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புதுச்சேரி