அவள் போனை உடைக்காதீர்கள்

ஒரே ராத்திரியில் நடக்கும் காதல் கதை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தயாரிப்பாளர் தேடிக்கொண்டிருக்கும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். உங்கள் கதையை நான் படித்ததில்லை, ஆனாலும் ஓரளவு ஊகிக்க முடிகிறது. முன்பின் தெரியாத இருவர். ஒரு பெரிய நகரம். கடைசி ரயில் போய்விட்டது, விடிய இன்னும் ஆறேழு மணி நேரம் இருக்கிறது. நடக்கிறார்கள், பேசுகிறார்கள், எங்கேயோ உட்கார்கிறார்கள், மறுபடி நடக்கிறார்கள். வெளிச்சம் வந்ததும் பிரிகிறார்கள். நான் இதைக் கிண்டல் செய்யவில்லை. இந்த வகைப் படம் எங்கே வந்தாலும் தேடிப் பார்க்கிற ஆள் நான். இரண்டு நடிகர்கள், ஒரு கேமரா, ஆள் நடமாட்டம் குறைந்த தெருக்கள் என்று கையில் காசில்லாதவர்களுக்கு இதைவிடத் தோதான கதை கிடையாது.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று. கதாநாயகியின் போனை உடைக்காதீர்கள். அதில் சார்ஜ் தீர்ந்துபோகவும் வேண்டாம், அது திருடு போகவும் வேண்டாம்.

ஏன் உடைக்கிறீர்கள் என்று புரிகிறது. போன் இருந்தால் கதை முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும் என்ற பயம். வண்டி பிடிப்பாள், அறை எடுப்பாள், அண்ணனைக் கூப்பிடுவாள். கிறிஸ் எவன்ஸ் முதன்முதலாக இயக்கி, தானே நடித்த ‘பிஃபோர் வீ கோ’ (2014) படத்தில் அதுதான் நடக்கிறது. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில், பாஸ்டனுக்குப் போகும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடும் பெண் போனைக் கீழே போட்டு உடைத்துவிடுகிறாள். கைப்பையும் ஏற்கெனவே திருடு போயிருக்கிறது. அங்கே டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவன் உதவ வருகிறான். சரி, இப்போது அவளுக்கு வேறு வழியே இல்லை. சிக்கலே அங்கேதான் இருக்கிறது. வழியில்லாமல் ஒருவனோடு நடப்பதும், வீட்டுக்குப் போக வழியிருந்தும் ஒருவனோடு நடப்பதும் ஒன்றா? இரண்டாவதில்தானே காதல் இருக்கிறது.

இந்த வகைக்கே அடையாளமாகிவிட்ட ‘பிஃபோர் சன்ரைஸ்’ (1995) படத்தைப் பாருங்கள். அதன் நாயகி செலினுக்கு எந்த நெருக்கடியும் கிடையாது. பாரிஸ் போகும் ரயிலில் உட்கார்ந்திருக்கிறாள், டிக்கெட் இருக்கிறது, பேசாமல் போய்க்கொண்டே இருக்கலாம். ஜெர்மன் மொழியில் சண்டை போடும் ஒரு தம்பதியின் சத்தம் தாங்காமல் இடம் மாறி உட்கார்ந்ததால் ஜெஸ்ஸி என்ற இளைஞனைச் சந்திக்கிறாள். வியன்னா நிலையம் வந்ததும் அவன் இறங்கப் போனவன் திரும்பி வந்து, தன்னோடு இறங்கிவிடச் சொல்லி வாதாடுகிறான். பத்து இருபது வருஷம் கழித்து உனக்குச் சலித்துப்போன ஒரு கல்யாண வாழ்க்கை இருக்கும், அப்போது நீ தவறவிட்ட ஆண்களை நினைத்துப் பார்ப்பாய், அதில் ஒருவன்தான் நான் என்கிற மாதிரி போகிறது அந்த வாதம். அவள் கேட்கிறாள், யோசிக்கிறாள், இறங்குகிறாள். இறங்க முடிவெடுத்தது அவள். அதனால்தான் அதற்கப்புறம் அவர்கள் ஒன்றரை மணி நேரம் வெறுமனே பேசிக்கொண்டிருந்தாலும் நாம் எழுந்து போவதில்லை.

அந்தத் திரைக்கதையை இயக்குநர் ரிச்சர்ட் லிங்க்லேட்டர் தனியாக எழுதவில்லை. கிம் கிரிசான் என்ற பெண்ணும் சேர்ந்து எழுதினார். 2004லும் 2013லும் வந்த அடுத்த இரண்டு பாகங்களின் திரைக்கதையில் நடிகை ஜூலி டெல்பியின் பெயரும் நடிகர் ஈதன் ஹாக்கின் பெயரும் இருக்கின்றன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ராத்திரி ஒரு மணிக்கு அறிமுகமில்லாத ஆணோடு தெருவில் நடக்கும் பெண்ணின் மண்டைக்குள் என்ன ஓடும் என்பதை ஆண்கள் மட்டும் உட்கார்ந்து எழுதினால் பெரும்பாலும் தெரு விளக்கும் நிலாவும்தான் வருகின்றன. அவள் அவன் செருப்பைப் பார்ப்பாள், கையைப் பார்ப்பாள், அடுத்த முனையில் வெளிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவன் சந்து ஒன்றைக் காட்டி ‘இது குறுக்கு வழி’ என்று சொன்னதும் ஒரு நொடி நடை தளரும். அந்த ஒரு நொடியை எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம்?

இதையெல்லாம் காட்ட உங்களிடம் இருக்கும் ஆகச் சிறந்த கருவி அந்தப் போன்தான்.

2017 முதல் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷன் அனுப்பலாம், அதாவது நாம் நகர நகர எங்கே இருக்கிறோம் என்பதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்கலாம். பதினைந்து நிமிடம், ஒரு மணி நேரம், எட்டு மணி நேரம் என்று மூன்று அளவுகள். உங்கள் படத்தின் நாயகி ஏதோ ஒரு படிக்கட்டில் நிற்கிறாள் என்று வையுங்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாதபடி திரையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, தோழிக்கு லொகேஷன் அனுப்புகிறாள். முதலில் பதினைந்து நிமிடம். அது முடிந்ததும் தோழியிடமிருந்து ஒற்றைக் கேள்விக்குறி வருகிறது. இவள் ஒரு மணி நேரம் தட்டுகிறாள். நள்ளிரவு தாண்டி எங்கேயோ, அவன் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது, எட்டு மணி நேரத்தைத் தட்டிவிட்டுப் போனைப் பைக்குள் போடுகிறாள். ஒரு வசனம் இல்லை. அவன் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வரவில்லை என்பது இரண்டும் அதில் இருக்கிறது. எட்டு மணி நேரம் தட்டியவள் வீட்டுக்குப் போகிற எண்ணத்தை விட்டுவிட்டாள். ஆனால் தன்னை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை விடவில்லை.

அவன் அதைக் கவனித்துவிட்டால் இன்னும் சுவாரசியம். கோபப்படுவானா? தன் பெயரையும் போட்டோவையும் சேர்த்து அனுப்பச் சொல்வானா? ஆள் எப்படிப்பட்டவன் என்பது அவன் சொல்லும் பழைய காதல் கதையில் தெரிவதைவிட இங்கே சட்டென்று தெரிந்துவிடும். (பழைய காதல் கதை என்றதும் ஞாபகம் வருகிறது, அதைப் பாலத்தின் மேல் நின்று சொல்லும் காட்சிக்குக் கொஞ்ச காலம் ஓய்வு கொடுக்கலாம்.)

பட்ஜெட் கணக்கிலும் இது லாபம்தான். இரவில் முகத்துக்கு விளக்கு வைக்கச் சிரமப்படும் இடத்தில் போன் திரையே ஒரு விளக்கு. தோழியைக் காட்டவே வேண்டாம், குரல் மட்டும் போதும். ஒரே நாளில் பதிவுசெய்துவிடலாம். மிச்சமாகும் பணத்தை ட்ரோனில் கொட்டாமல் சிங்க் சவுண்டுக்கு, அதாவது படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவுசெய்வதற்குக் கொடுங்கள். நடந்துகொண்டே பேசுகிறவர்களின் மூச்சை டப்பிங் ஸ்டுடியோவில் உட்கார்ந்து திரும்பப் பிடிக்க முடியாது. ‘ஒன்ஸ்’ (2007) படத்தை ஜான் கார்னி டப்ளினில் 17 நாளில் எடுத்து முடித்தார். தெருக்காட்சிகளில் கேமராவைத் தள்ளி வைத்து நீளமான லென்ஸில் எடுத்ததால், கடந்து போனவர்கள் பலருக்குப் படப்பிடிப்பு நடப்பதே தெரியவில்லை. அந்தத் தெரு தெருவாகவே இருக்கிறது.

நம்பிப் போனவளுக்கு நல்லதே நடக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. செபாஸ்டியன் ஷிப்பரின் ‘விக்டோரியா’ (2015) பெர்லினில் விடிகாலை நாலரை மணிவாக்கில் தொடங்கி ஏழு மணிவாக்கில் முடிந்த ஒரே ஷாட். வெட்டே இல்லாமல் 138 நிமிடம். கிளப்பிலிருந்து வெளியே வரும் பெண் நான்கு இளைஞர்களோடு சேர்கிறாள். காதல் மாதிரி ஆரம்பித்துக் கடைசியில் வங்கிக் கொள்ளையில் போய் நிற்கிறது. ஆனால் பல கட்டங்களில் அவள் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. நம்மையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறாள்.

கடைசியாக முடிவைப் பற்றி. ‘பிஃபோர் சன்ரைஸ்’ பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். அதில் இருவரும் போன் நம்பர் வாங்கிக்கொள்வதில்லை. ஆறு மாதம் கழித்து இதே ரயில் நிலையத்தில் சந்திப்போம் என்று பிரிகிறார்கள். அன்றைக்கு அது நம்பும்படி இருந்தது. இன்றைக்கு ஒருவரையொருவர் தேடிப் பிடிக்கப் பெயர்கூட முழுசாகத் தெரிய வேண்டாம். இருவர் கையிலும் உயிரோடு இருக்கும் போன் இருந்தும் அவர்கள் நம்பர் கேட்காமல் பிரிந்தால் அது பெரிய முடிவு, அதற்குக் காரணம் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு வரும். கேட்டு வாங்கிக்கொண்டால் வேறு பிரச்சினை. முதல் மெசேஜ் யார் அனுப்புவது, எப்போது அனுப்புவது? இரண்டில் எதை எடுத்தாலும் உங்கள் படத்துக்கு ஒரு கடைசிக் காட்சி கிடைத்துவிடும். போன் உடைந்து கிடந்தால் இரண்டுமே கிடைக்காது.

படம் முடிந்ததும் சொல்லுங்கள். டிக்கெட் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
இந்த வகைப் படங்களைத் தேடிப் பார்க்கும் ஒரு ரசிகர்