ஏழடி ஸ்லைடு ரூல்

ஆசிரியருக்கு,

1957-ல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக் என்ற முதல் செயற்கைக்கோளை ஏவிய பின் அமெரிக்கப் பள்ளிகள் மாறியதைப் பற்றிய கட்டுரை படித்தேன். 1958-ன் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஆய்வகக் கருவிகளுக்குப் பணம் தந்தது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அப்பாவின் மேற்படிப்புக்காக 1961-ல் ஓஹையோ போய், அங்கே உயர்நிலைப் பள்ளியில் ஓராண்டு படித்தவன் நான். அந்தக் கருவிகளைத் தொட்டிருக்கிறேன்.

இயற்பியலுக்கு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவான புதுப் பாடத்திட்டம். கண்ணாடி அடித்தட்டு வைத்த தொட்டியில் விரலளவு தண்ணீர், மேலே விளக்கு, கீழே வெள்ளைத்தாள். தண்ணீரைத் தொட்டால் அலையின் நிழல் தாளில் ஓடும். இரண்டு இடத்தில் ஒரே தாளத்தில் தட்டினால் நடுநடுவே அலையே இல்லாத கோடுகள் தெரியும். சூத்திரமெல்லாம் அப்புறம்தான்.

கணக்கு வகுப்பு பழைய மாதிரியே. கரும்பலகைக்கு மேல் ஏழடி ஸ்லைடு ரூல் (நடுச்சட்டத்தை நகர்த்திப் பெருக்கல், வகுத்தல் போடும் அளவுகோல்) தொங்கும். இரண்டையும் மூன்றையும் பெருக்கிக் காட்டவே ஆசிரியர் ஸ்டூல் மேல் ஏறுவார் (ஒருமுறை விழுந்தும் இருக்கிறார்). தம்பிக்கோ 'புதிய கணிதம்' என்ற புதுப் பாடத்திட்டம். பத்துப் பத்தாக அல்லாமல் எட்டு எட்டாக எண்ணும் எட்டடிமான முறையில் 7-உம் 1-உம் சேர்ந்தால் 10 (ஒரு எட்டு, மிச்சம் சுழி) என்று எழுதி வந்தான். பொறியாளரான அப்பா அதைச் சிவப்பு மையால் திருத்திவிட்டார். மறுநாள் நோட்டைப் பார்த்த டீச்சர், அப்பாவின் திருத்தத்தை அடித்துவிட்டு அனுப்பினார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வாசகன் ஒருவன்