உதடும் குரலும் ஒட்ட உழைத்தவர்களுக்கு

பாட்டு எழுதுவது, மெட்டுப் போடுவது, பாடுவது மூன்றையும் ஒரே ஆள் செய்துவிடலாம். அதையே வீடியோவாக எடுக்க ஒரு ஆள் போதாது. எங்கள் பாட்டின் வீடியோவுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கமும் நன்றியும். யார் என்ன செய்தீர்கள் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். சொந்தக் காசில் வீடியோ எடுக்க நினைக்கும் மற்ற பாடகர்களும் படிப்பார்கள், அவர்களுக்கும் உதவட்டும்.

முதல் நன்றி பிளேபேக் பார்த்த தம்பிக்கு. படப்பிடிப்பில் பாடுபவர் வாயசைக்க, பதிவான பாட்டை ஒலிக்கவிடும் வேலை அது. போனில் இருக்கும் எம்பி3-ஐத் தட்டிவிடுவதுதான் பிளேபேக் என்று பலரும் நினைக்கிறார்கள். மாஸ்டர், அதாவது பாட்டின் இறுதிப் பதிவு, முடியாமல் படப்பிடிப்பு கூடாது என்று நீ நின்றது சரி. இடையிசையைப் பிறகு அரை நொடி நீட்டினாலும், அதன் பிறகு வரும் வாயசைவு எல்லாவற்றையும் எடிட்டிங்கில் திரும்ப இழுத்து ஒட்ட வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் சுருக்கப்படாத வேவ் கோப்பைத்தான் பயன்படுத்தினாய். எம்பி3 ஆக்கினால் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடம் சேர்ந்துகொள்ளும். பல்லவி, சரணம், இடையிசை எனத் தனித்தனிக் கோப்புகள், ஒவ்வொன்றின் தலையிலும் "இரண்டாம் சரணம்" என்று உன் குரல், பிறகு தாளம் காட்டும் நான்கு க்ளிக். அந்தக் குரல் கேமராவிலும் பதிவாவதால் கிளாப் போர்டு காட்ட மறந்த ஷாட்டைக்கூட எடிட்டர் அடையாளம் கண்டுவிடலாம்.

ஸ்பீக்கரைப் பாடுபவருக்குப் பக்கத்தில் வைத்து, கேமராவுக்குத் தனியாக வயர்லெஸ்ஸில் பாட்டை அனுப்பியதற்கும் காரணம் உண்டு. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். நொடிக்கு 25 ஃபிரேமில் (25 படங்களாக) எடுக்கும்போது ஒரு ஃபிரேமின் நேரம் 40 மில்லிநொடி, அதற்குள் ஒலி கடப்பது 14 மீட்டருக்கும் குறைவு. 40 மீட்டர் தள்ளி நின்று, தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் போட்டால், கேமராவின் மைக்கில் பாட்டு மூன்று ஃபிரேம் பிந்தி விழும். அந்த ஒலியை மாஸ்டரோடு பொருத்தினால் உதடு முன்னால் ஓடும், குரல் பின்னால் வரும். கடற்கரையில் காற்றும் அலையும் சேர்ந்து அந்த ஒலியையும் தின்றுவிடும். புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றும் ஒயர் ஸ்பீக்கர் ஒன்றும் ஒரே காட்சிக்குள் கலந்து வைத்தாலும் சிக்கல்தான், புளூடூத்தில் பாட்டு சற்றுத் தாமதமாக வரும்: பாடுபவர் ஒரு தாளத்தில் இருப்பார், ஓரத்தில் கிட்டார் வாசிப்பவர் அதற்குச் சற்றுப் பின்னால் இருப்பார்.

மெதுவாக ஓடும் காட்சிகளுக்கு 50 ஃபிரேமில் எடுத்து, பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாய். நிமிடத்துக்கு 84 தட்டு (பிபிஎம்) உள்ள பாட்டு 168 ஆகும்போது நம் வல்லெழுத்துகள் நாக்கைப் படுத்தும். அதனால் சொற்களை வீட்டிலேயே அந்த வேகத்தில் பழகிவரச் சொன்னது உன் புத்திசாலித்தனம். வாயை மட்டும் அசைக்காமல் சத்தமாகவே பாடச் சொன்ன அக்காவுக்கும் சேர்த்து நன்றி. கழுத்து நரம்பும் மூச்சும் பொய் சொல்லாது. க்ளோசப்பில் அது அப்படியே தெரியும்.

ஒளிப்பதிவு அண்ணனுக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 25 ஃபிரேம், 1/50 நொடி ஷட்டர் என்று முதலிலேயே பூட்டிவிட்டீர்கள். 50 ஃபிரேமுக்கு 1/100. "சினிமா லுக்" வேண்டும் என்று 24-க்குப் போகிறவர்கள் ஷட்டர் கோணத்தை 172.8 டிகிரிக்கு, அதாவது அதே 1/50 நொடிக்கு, கொண்டுவராவிட்டால் டியூப்லைட் துடிப்பது படத்தில் விழும் அபாயம் உண்டு. சில மலிவு எல்இடி பல்புகள் எந்தக் கணக்குக்கும் அடங்குவதில்லை, அணைப்பதுதான் வழி. ஏசி அறையிலிருந்து நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸில் பனி படியும் என்பதால், அரை மணி நேரம் முன்பே கேமராவைப் பைக்குள் மூடியபடியே வெளியே வைத்தீர்கள். சென்னையில் சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னால் மறையும். கடலோரம் சூரியனை ஆளுக்குப் பின்னால் வைத்து நிழலுருவம் வேண்டுமானால் காலையை விட்டால் வேறு வழியில்லை. மே கடைசியில் 5.45-க்கு முன்பே உதித்துவிடும், ஜனவரி கடைசியில் 6.30 தாண்டும். இதைப் பார்க்காமல் மாலைக்குத் திட்டம் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மொட்டைமாடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடத் தெர்மகோல் பிடித்து நின்ற நண்பர்களுக்குத் தனி நன்றி. காற்றில் அதைப் பிடிப்பது பாய்மரம் பிடிப்பது மாதிரி. உடை பார்த்த அக்கா வெள்ளை வேட்டியை டீ டிகாஷனில் முக்கி எடுத்ததால் வெயிலில் மடிப்புகள் வெளுத்துப்போகாமல் தெரிந்தன. சின்னக் கட்டம் போட்ட சட்டைகளைத் திருப்பி அனுப்பியதும் சரியே, அவை திரையில் அலையலையாக நெளியும்.

எடிட்டர் அண்ணே, உங்கள் பொறுமைக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஒலியின் அலைவடிவம் பொருந்திவிட்டது என்று விடாமல், ப, ம வரும் இடங்களில் உதடு மூடுகிறதா என்று ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்த்தீர்கள். ஆ, ஏ எல்லாம் இரண்டு ஃபிரேம் தள்ளியிருந்தாலும் தப்பித்துவிடும், "அம்மா" காட்டிக்கொடுத்துவிடும். போனில் எடுத்த காட்சிகளில் ஃபிரேம் வேகம் நிலையாக இருக்காது, தொடக்கத்தில் பொருந்திய உதடு மூன்றாவது நிமிடத்தில் நழுவும். அவற்றை முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொண்டது பெரிய உதவி. பாடல் வரிகளைத் திரையில் போடும்போது கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமும் பிரிந்து நிற்கும் கொடுமைக்கும் தீர்வு கண்டீர்கள்: எடிட்டிங் மென்பொருளின் எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தெரிவை இயக்கிவிட்டு, திரும்பத் திறந்தால் போதும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரக் காட்சி சுமார் 45 ஜிபி. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏறி, திறந்து பார்க்கும்வரை கார்டை யாரும் அழிக்கக் கூடாது என்று காவல் நின்ற தம்பியும் இந்தப் பட்டியலில் உண்டு.

உரிமை விஷயங்களைப் பார்த்துக்கொண்ட தோழிக்கு: ஒலிப்பதிவுக்கு ஒரு ஐஎஸ்ஆர்சி எண் (பதிவுகளை அடையாளம் காட்டும் சர்வதேசக் குறியீடு), வீடியோவுக்கு வேறொன்று என்பது பலருக்குத் தெரியாது. விநியோக நிறுவனம் பாட்டை யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (உரிமையுள்ள பாட்டு எந்த வீடியோவில் வருகிறது என்று தானே கண்டுபிடிக்கும் அமைப்பு) சேர்த்திருந்தால் நம் சொந்த வீடியோவுக்கே உரிமைக் கோரல் வந்து நிற்கும். சேனலை விலக்குப் பட்டியலில் முன்கூட்டியே சேர்க்கச் சொல்லிக் கடிதம் போட்டீர்கள்.

மாடியைத் திறந்துவிட்ட வீட்டுக்காரம்மாவுக்கும், விடியற்காலை டீ கொண்டுவந்த கடைக்காரருக்கும் பெயர்ப் பட்டியலில் இடம் உண்டு.

அந்தப் பட்டியலைத்தான் எல்லோரும் ஒருமுறை பார்க்க வேண்டும். வாட்ஸாப்பில் அனுப்பியிருக்கிறேன், பெயரில் ஒற்றோ இனிஷியலோ தவறியிருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். யூடியூபில் ஏற்றிய பிறகு கீழே உள்ள குறிப்பைத் திருத்தலாமே தவிர, அதே இணைப்பில் வேறு கோப்பை மாற்றி வைக்க வழியில்லை.