பழுதுக்கும் ஒரு நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வாடகை வீட்டுப் பழுது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சராசரியாக எத்தனை நாளில் பழுது சரியாகிறது என்று வீட்டுக்காரர்கள் கணக்கு வைக்க வேண்டும் என்கிறது அது. சரி, வைக்கட்டும். ஆனால் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

தேவகோட்டையில் ஒரு பழைய வீட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஒரு டீச்சர் குடும்பம் வாடகைக்கு. ஆவணியில் டீச்சர் மூன்று பழுது சொன்னார். குழாய் வாசர் மாற்ற 1 நாள், சுவிட்ச் மாற்ற 2 நாள், ஓட்டு ஒழுகல் நிற்க 87 நாள். சராசரி 30. முப்பது நாளை ஒட்டிச் சரியானது ஒன்றுகூட இல்லை!

தவிர, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணைப்படி வாசரும் சுவிட்சும் குடியிருப்பவர் பொறுப்பு. கட்டடப் பழுது, வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம்தான் வீட்டுக்காரர் தலையில். டீச்சர் தன் காசில் செய்த இரண்டையும் கழித்தால் எங்கள் லட்சணம் 87 நாள்தான்.

அந்த 87-ஐயும் மறைத்திருக்கலாம். இருபதாம் நாள் கொத்தனார் ஏறி நாலு ஓடு மாற்றினார். "அதான் ஆள் அனுப்பியாச்சே, முடிஞ்சதுன்னு எழுதிக்க" என்றார் பங்காளிகளில் ஒருவரான ஆச்சி போனில். எழுதினேன். அடுத்த மழையில் அதே இடம் ஒழுகியது. புதுப் புகாராகப் புதுத் தேதி போட்டேன். (நம் செட்டிநாட்டு வீடுகளில் மழை உள்ளே விழத்தான் வேண்டும், ஆனால் வளவு வாசல் என்னும் திறந்த முற்றத்தில், டீச்சரின் அரிசி மூட்டையில் அல்ல.) அப்புறம் மனசு கேட்காமல் அடித்துத் திருத்தினேன். டீச்சர் சொன்ன நாள்தான் தொடக்கம். கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்து, "நனையலண்ணே" என்று அவரே சொன்ன நாள்தான் முடிவு.

இதில் ஓட்டின் மேல் ஆள் ஏறி வேலை செய்தது மொத்தம் மூன்றே நாள். மீதி பெரும்பாலும் யார் பங்கு எவ்வளவு என்று பங்காளிகள் பேசித் தீர்த்த நாள். அதனால் இப்போது பணம் ஒத்துக்கொண்ட தேதியையும் நோட்டில் குறிக்கிறேன். கொத்தனாரைத் திட்டுவது குறைந்திருக்கிறது.

முகப்புச் சுவரில் ஒரு வெடிப்பு சித்திரையிலிருந்து அப்படியே கிடக்கிறது. இன்னும் முடியாததால் எந்தச் சராசரியிலும் அது வராது. அதற்குத் தனிப் பக்கம் போட்டு, மாதாமாதம் வாடகைக் கணக்கோடு வாட்ஸ்அப்பில் எல்லாப் பங்காளிகளுக்கும் அனுப்பிவருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தேவகோட்டை