தரையை உடைக்கும் முன் சேம்பரைத் திறவுங்கள்

ஆசிரியருக்கு,

கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், அடைப்பு எங்கே என்று முதலில் பாருங்கள். வாஷ்பேசினில் மட்டும் தண்ணீர் தேங்கினால் கோளாறு அந்தக் கிளைக் குழாயில். கழிப்பறையில் தண்ணீர் விட்டதும் குளியலறைத் தரைத் துவாரம் களகளவெனப் பொங்கினால் பிரதானக் குழாயில்தான் அடைப்பு. தண்ணீர்ப் புழக்கத்தை நிறுத்திவிட்டு வீட்டையொட்டிய சேம்பரை, அதாவது கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் மூடியிட்ட தொட்டியை, திறவுங்கள். நிரம்பியிருந்தால் அடைப்பு அதைத் தாண்டி. காலியென்றால் வீட்டுக்கும் அதற்கும் இடையே. இது தெரியாமலே பலர் டைல்ஸை உடைக்கிறார்கள்!

அடைப்பெடுக்க, துண்டு துண்டாக மரையில் இணைத்து விடும் ராடை (நீளக் கம்பியை) வலப்பக்கமாகவே திருகுங்கள். மாற்றித் திருகினால் மரை கழன்று துண்டு உள்ளேயே சிக்கிவிடும். ஆசிட் வேண்டாம், பிறகு ராடு விடுபவர் மேல் தெறிக்கும். சேம்பருக்குள் யாரையும் இறக்காதீர்கள், விஷவாயு கொல்லும்.

அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால், இணைப்பில் வேர் நுழைந்திருக்கலாம், அல்லது குழாயின் வாட்டம் (சரிவு) போதாமல் இருக்கலாம். 4 அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு 1 அடி சரிவு நல்லது.

இப்படிக்கு,
பிளம்பர்கள் சிலர்