வெள்ளிக்கிழமை பகிர்வு: மலைமேல் ஆண்டவரின் மாட்சி

அனைவருக்கும் வணக்கம். தவக்கால 2-ஆம் ஞாயிற்றுக்கு ஆண்டவர் உருமாறிய வாசகம் வருகிறது. அதற்கு முன் இந்த வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் பின்பக்கம் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம்.

லூக்கா 9:28-36 வாசித்துவிட்டு வாருங்கள். இயேசுவின் முகம் மாறுகிறது, உடை வெண்மையாய் மின்னுகிறது. சரி, அவ்வளவு மாட்சியின் நடுவில், அங்கே தோன்றும் பழைய இறைவாக்கினர்களான மோசேயும் எலியாவும் அவரோடு எதைப் பற்றிப் பேசுகிறார்கள்? எருசலேமில் நடக்கப்போகும் அவருடைய இறப்பைப் பற்றி! இதை லூக்கா மட்டும்தான் சொல்கிறார். கூட இருந்த சீடர் பேதுருவுக்கோ தூக்கக் கலக்கம். (விடியற்காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கு அவர்மேல் கோபம் வராது.) மாட்சியும் பாடுகளும் ஏன் ஒரே காட்சியில் வருகின்றன என்று யோசித்து வையுங்கள்.

கோப்பி உண்டு. கறிபாப் கொண்டுவருகிறவர்கள் உள்ளே உருளைக்கிழங்கு மட்டும் வையுங்கள், இறைச்சி வேண்டாம், தவக்கால வெள்ளி அல்லவா.