பார்மலினோடு ஒரு புட்டி ஸ்பிரிட்டும் தாருங்கள்

மதிப்பிற்குரிய வனத்துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். இறந்த காட்டு யானை ஒன்றின் குடற்புழுக்கள் மறுபடியும் 10 சதவீத பார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் ஊறியே ஆய்வகம் வந்திருக்கின்றன. கூடவே ஒரு கடிதம்: எந்த இனமென்று உறுதிசெய்து தெரிவிக்க வேண்டுமாம்.

திசுத் துண்டுகளுக்குப் பார்மலின் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் புழுவின் டிஎன்ஏவை அது புரதத்தோடு பிணைத்துச் சிதைத்துவிடுகிறது. பிறகு டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் சோதனை பெரும்பாலும் பலிப்பதில்லை. உருவத்தைப் பார்த்துச் சொல்லலாமென்றால், உருளைப்புழுவின் இனத்தைக் காட்டுவது வாயமைப்பும், ஆண்புழுவின் வால்நுனி விரிப்பும், அங்குள்ள ஸ்பிக்யூல்கள் என்னும் ஊசிபோன்ற இனச்சேர்க்கை உறுப்புகளும்தான். உயிரோடு குளிர்ந்த திரவத்தில் போட்ட புழு சுருண்டு விறைக்கிறது, நிமிர்த்தினால் ஒடிகிறது. லத்தியில் முட்டை பார்த்தால் போதாதா என்கிறீர்கள். யானைக் குடலில் வாழும் உருளைப்புழுக்களான முர்ஷிடியா, குய்லோனியா இரண்டின் முட்டையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத்தான் இருக்கும். "ஸ்ட்ராங்கைல் வகை" என்று எழுதலாம், அதற்குமேல் எழுதினால் பொய்.

ஆகவே கேட்பது இதுதான்: உடற்கூராய்வுப் பெட்டி ஒவ்வொன்றிலும் எத்தனால், அதாவது ஸ்பிரிட், வையுங்கள். புழுக்களை 0.9 சதவீத உப்புநீரில் அலசி, டிஎன்ஏ சோதனைக்காக ஒரு பாதியை 95 சதவீத எத்தனாலில் இடவேண்டும். புழுவைப்போல் பத்து மடங்கு திரவம் இருக்கட்டும். உருவம் பார்ப்பதற்கான மறுபாதியை 70 சதவீத எத்தனாலில் போடுமுன் அந்த எத்தனாலை வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், நெருப்பில் வேண்டாம். சூட்டில் புழு நிமிர்ந்து சாகும். நாடாப்புழுவைப் பிடித்து இழுத்தால் தலை குடற்சுவரிலேயே தங்கிவிடும். அந்தக் குடல்துண்டோடு வெட்டி உப்புநீரில் விட்டால் தானாகக் கழன்றுவரும். விலங்கு, உறுப்பு, இடம், தேதி நான்கையும் பென்சிலால் சீட்டில் எழுதிப் புட்டிக்கு உள்ளே போடுங்கள். வெளியே மார்க்கரில் எழுதியதை ஸ்பிரிட் கழுவிவிடுகிறது. பெயரில்லாப் புட்டிகள் எங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன.

இனம் தெரியுமுன்பே "குடற்புழுவால் யானை மரணம்" என்று செய்திக்குறிப்பு போய்விடுகிறது. திடமான யானையின் குடலிலும் புழு உண்டு ஐயா. கல்லீரலில் தட்டைப்புழு இருந்தால், அது யானைக்கே உரிய ஃபேசியோலா ஜாக்சோனி இனமா, மாடுகளிடம் காணும் ஃபேசியோலா ஜைகாண்டிகா இனமா என்பதல்லவா கேள்வி? மேய்ச்சல் மாடுகளைக் குற்றஞ்சாட்டுவதோ விடுவிப்பதோ அதற்கப்புறம்தானே.

கோபமாகப் படுமானால் பொறுத்தருள்க. அடுத்த உடற்கூராய்வுக்குமுன் எத்தனால் புட்டியை எல்லாக் கோட்டங்களுக்கும் வழங்க ஆணையிடுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
ஒட்டுண்ணியியல் ஆய்வகப் பணியாளர்கள்